கொழுப்பு ஒட்டு: உள்ளபடியே வைப்பதா, ஸ்டெம் செல் சேர்ப்பதா?

மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் விழுந்த பள்ளம், தழும்புக்குக் கீழே எலும்போடு ஒட்டிப்போன தோல், ஒரு பக்கம் மட்டும் வற்றிய கன்னம். இவற்றை உங்கள் வயிற்றிலோ தொடையிலோ இருக்கும் கொழுப்பைக் கொண்டே நிரப்பலாம் என்கிறார் மருத்துவர். சரி என்று தலையாட்டியதும் அடுத்த கேள்வி வருகிறது. எடுத்த கொழுப்பை அப்படியே வைப்பதா, பால் போன்ற கலவையாக உடைத்து நானோஃபேட்டாக்கி வைப்பதா, ஸ்டெம் செல் சேர்த்து வைப்பதா, ஆய்வகத்தில் செல்லைப் பெருக்கி வைப்பதா? பெயர் நீளும்போது கட்டணமும் கூடவே ஏறுகிறது. பலனும் அதே அளவில் ஏறுகிறதா என்பதில்தான் பலர் திகைத்து நிற்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு, எடுத்த கொழுப்பை அப்படியே வைக்கும் சாதாரண ஒட்டே பொருத்தம், ஏனென்றால் புதிய கொழுப்புச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல் அதில் ஏற்கெனவே இருக்கிறது. விலக்குகள் உண்டு. அவை எவை என்று பிரித்துப் பார்க்க, கொழுப்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் விதம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

## ஒட்டு எப்படிப் பிழைக்கிறது

வளர்ந்தவர்களின் உடலிலும் கொழுப்புச் செல்கள் செத்துக்கொண்டும் பிறந்துகொண்டும் இருக்கின்றன. 1963க்கு முந்தைய அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14ஐ ஏற்றிவிட்டிருந்தன. பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. ஒரு செல் பிறக்கும்போது அந்த ஆண்டின் கார்பன் அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கிர்ஸ்டி ஸ்பால்டிங்கும் சகாக்களும் இதை வைத்து மனிதக் கொழுப்புச் செல்களின் வயதைக் கணித்து 2008ல் வெளியிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதச் செல்கள் புதியவை. மொத்த எண்ணிக்கையோ வளர்ந்தபின் பெரிதாக மாறுவதில்லை. எடையைக் கணிசமாகக் குறைத்தவர்களிடம்கூடச் செல்கள் சுருங்கியிருந்தனவே தவிர, எண்ணிக்கை குறையவில்லை.

இந்தப் புதிய செல்கள் எங்கிருந்து வருகின்றன? அதே 2008ல் எலிகளில் நடந்த இரண்டு ஆய்வுகள் பதில் தந்தன. ஒன்று, கொழுப்பின் முன்னோடிச் செல்கள் அத்திசுவின் நுண் ரத்தக்குழாய்ச் சுவரை ஒட்டியே குடியிருப்பதைக் காட்டியது. மற்றது, அச்செல்களில் ஒரு வகையை மட்டும் பிரித்து, கொழுப்பே உருவாகாத எலிக்குள் வைத்தபோது அங்கே கொழுப்புத் திசு புதிதாக எழுவதைக் காட்டியது. ஆக, ரத்தக்குழாய் இருக்கும் இடத்தில்தான் புதுப்பித்தலும் இருக்கிறது.

இனி ஒட்டுக்கு வருவோம். உறிஞ்சி எடுத்த கொழுப்புக்கு ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. புதிய இடத்தில் முதல் சில நாள்களுக்குச் சுற்றுத் திசுவிலிருந்து கசிந்து வரும் ஆக்சிஜன்தான் அதற்குக் கதி. டோக்கியோவில் கொதாரோ யோஷிமுராவின் குழு எலிகளில் இதை நாள்வாரியாகப் பின்தொடர்ந்து 2012ல் எழுதியது. ஒட்டின் வெளி விளிம்பிலிருந்து சுமார் 0.3 மி.மீ. ஆழத்துக்குள் இருக்கும் கொழுப்புச் செல்களில் ஒரு பகுதிதான் உயிரோடு தங்குகிறது. மற்றவை முதல் நாளிலேயே சாகத் தொடங்குகின்றன. மேலே சொன்ன முன்னோடிகளான ஸ்டெம் செல்கள் மூச்சை அடக்கத் தெரிந்தவை. ஏறத்தாழ மூன்று நாள்கள் தாக்குப்பிடிக்கின்றன. சாகும் செல்களிலிருந்து கசியும் பொருள்களும் ஆக்சிஜன் பஞ்சமும் அவற்றுக்குத் தூண்டுதல். அவை பிரிந்து, பெருகி, புதிய கொழுப்புச் செல்களாகின்றன. ஏழாம் நாளளவில் இந்தப் பெருக்கம் உச்சத்தில் இருக்கிறது. நடுமையத்தில் ஸ்டெம் செல்லும் பிழைக்காத இடம் எண்ணெய்த் துளியாகத் தேங்கி, கரைந்துபோகும் அல்லது கட்டியாக நிற்கும்.

ஆக, ஒட்டில் கடைசியில் நிற்கும் கொழுப்பின் பெரும்பங்கு நீங்கள் கொடுத்த கொழுப்பு அல்ல. அதிலிருந்த ஸ்டெம் செல்கள் அங்கே புதிதாகக் கட்டியது. "ஸ்டெம் செல் சேர்த்தால் இன்னும் நிற்குமே" என்ற எண்ணம் பிறந்தது இங்கிருந்துதான், அதில் அர்த்தமும் இருக்கிறது. ஆனால் நடுமையத்தில் தட்டுப்பாடு ஆக்சிஜனுக்கு. தண்ணீர் ஏறாத மேட்டு வயலில் நாற்றை நெருக்கி நட்டு என்ன ஆகப்போகிறது? கீழே வரும் ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி: உங்களுக்கு வேண்டியது கன அளவா, தோலின் தரமா? பள்ளத்தை நிரப்புவது ஒரு வேலை, இறுகிய தழும்பை இளக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒரே வாக்குறுதியில் கட்டித் தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இரண்டாவது, சான்று. மனிதர்களில் பார்த்ததா, எலியிலா? எப்படி அளந்தார்கள்? ஒட்டு வைத்த இடம் முதல் சில வாரங்கள் வீங்கியிருக்கும். ஆறாம் வாரப் புகைப்படம் வீக்கத்தைக் காட்டும், ஒட்டைக் காட்டாது. மூன்று மாதங்களுக்குப் பிறகு எம்.ஆர்.ஐ.யிலோ முப்பரிமாண அளவீட்டிலோ பார்த்த எண்ணைத்தான் நம்பலாம்.

மூன்றாவது, எத்தனை முறை மேசையில் படுக்க வேண்டும், எடுக்க உங்களிடம் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது. மெலிந்தவர்களுக்கு இந்த ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடலாம்.

நான்காவது, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது. ஐந்தாவது, கட்டண விவரத்தில் வராத செலவுகள்.

| வழி | எதற்கு ஏற்றது | மனிதர்களில் சான்று | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| சாதாரணக் கொழுப்பு ஒட்டு | கன அளவு | நீண்ட அனுபவம். நிற்கும் அளவு 20 முதல் 80% வரை | மறுபடி செய்ய வேண்டிவரலாம் |
| நானோஃபேட் | தோல், தழும்பு | சிறிய ஆய்வுகள் | பள்ளம் நிரம்பாது |
| எஸ்.வி.எஃப். (கொழுப்பிலிருந்து நொதியால் பிரித்த செல் கலவை) சேர்த்த ஒட்டு | சிறிய பள்ளங்கள் | முரண்படுகிறது | கூடுதல் கொழுப்பு, நொதி, சட்டச் சிக்கல் |
| பெருக்கிய செல் சேர்த்த ஒட்டு | கன அளவு | நல்ல பலன், மிகச் சிறிய ஆய்வுகள் | இரண்டு முறை கொழுப்பு எடுப்பது, வாரக்கணக்கில் காத்திருப்பு |
| செல் நீக்கிய கொழுப்புச் சட்டகம் | மிகச் சிறிய குறை | தொடக்க நிலை | எவ்வளவு நாள் நிற்கும் என்பது தெரியாதது |

## சாதாரணக் கொழுப்பு ஒட்டு

கேனுலா என்ற மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி, கழுவியோ வடிகட்டியோ சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியோ எண்ணெயையும் ரத்தத்தையும் நீக்கி, சிறு சிறு துளிகளாகப் பல அடுக்குகளில் பரப்பி வைப்பது. துளி ஏன் சிறிதாக இருக்க வேண்டும் என்பதை மேலே பார்த்துவிட்டோம். துளி சிறுத்தால் விளிம்பு கூடும், ஆக்சிஜன் எட்டாத நடுமையம் குறையும். இந்த ஒட்டின் வெற்றியில் பெரும்பங்கு வைப்பவரின் கையில் இருக்கிறது. ஒரே இடத்தில் மொத்தமாகத் திணித்த ஒட்டை எந்த ஸ்டெம் செல்லும் காப்பாற்றாது.

எவ்வளவு நிற்கும்? ஆய்வுக்கு ஆய்வு 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை போகிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணங்கள் உண்டு. வைத்த இடத்தின் ரத்த ஓட்டம், புகைப்பழக்கம், கதிர்வீச்சு பட்டிருக்கிறதா, எத்தனை மி.லி., யார் வைத்தார், எப்போது அளந்தார்கள் என்று எல்லாமே கணக்கில் வரும். அதனால் "எத்தனை சதவீதம் நிற்கும்?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "உங்களிடம் இதே இடத்தில் இதே அளவு வைத்துக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் முறை தேவைப்பட்டது?" என்று கேளுங்கள்.

மறைந்த செலவு அந்த இரண்டாம் முறைதான். முதல் கட்டணத்தோடு அதையும் சேர்த்தே மற்ற வழிகளோடு ஒப்பிட வேண்டும். எண்ணெய்க் கட்டிகளும் சுண்ணாம்புப் படிவுகளும் வரலாம். மார்பகத்தில் வந்தால் பின்னாளில் மேமோகிராம் எடுக்கும்போது கூடுதல் பரிசோதனை என்று இழுக்கும். இதைப் படம் பார்க்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ரத்தக்குழாய்க்குள் கொழுப்பு புகுந்தால் ஆபத்து. முகத்தில் அது பார்வையைப் பறித்திருக்கிறது, பிட்டத்தில் தசைக்குள் செலுத்தியபோது உயிரையே பறித்திருக்கிறது. வைக்கும் ஆழத்தைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

பலர் கேட்க மறக்கும் இன்னொன்று: ஒட்டு தன் பிறந்த இடத்தின் குணத்தை விடாது. வயிற்றிலிருந்து வந்த கொழுப்பு, நீங்கள் எடை ஏறும்போது வயிற்றைப் போலவே கன்னத்திலும் உப்பும். எடை ஓரிடத்தில் நிலைத்தபின் ஒட்டு வைப்பதே புத்திசாலித்தனம். இது கீழே வரும் வழிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும், ஏனெனில் அவற்றிலும் அடிப்படை உங்கள் கொழுப்புதான்.

இது பொருந்தும் இடம்: கன அளவு வேண்டும், எடுக்கக் கொழுப்பு இருக்கிறது, மறுபடி ஒருமுறை வர வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

## நானோஃபேட்

பெயரில் நானோ இருந்தாலும் நானோ தொழில்நுட்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த பேட்ரிக் டோனார்டும் சகாக்களும் 2013ல் விவரித்த முறை இது. உறிஞ்சிய கொழுப்பை இரண்டு சிரிஞ்ச்களுக்கிடையே சுமார் 30 முறை மாற்றி மாற்றித் தள்ளுவார்கள். கொழுப்புச் செல்கள் உடைந்து பால் போன்ற கலவையாகிவிடும். அதை வடிகட்டி, மிக நுண்ணிய ஊசியால் தோலுக்குள்ளேயே போடலாம். உயிருள்ள கொழுப்புச் செல் அதில் கிட்டத்தட்ட இல்லை. அளவில் சிறிய ஸ்டெம் செல்கள் தப்பிவிடுகின்றன.

அதனால் பள்ளம் நிரம்பும் என்று எதிர்பார்க்கவே கூடாது. தோலின் நிறம், மென்மை, தழும்பின் இறுக்கம் ஆகியவற்றில் சில மாதங்களில் மாற்றம் தெரிவதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அவற்றில் பலவற்றில் ஒப்பிடக் கட்டுப்பாட்டுக் குழு இல்லை.

கொழுப்பு தோலைத் தேற்றும் என்பதற்கு நானோஃபேட்டுக்கு முந்தைய ஆதாரமும் இருக்கிறது. 2007ல் இத்தாலியின் ஜீனோ ரிகோட்டி, கதிர்வீச்சால் புண்ணாகிப்போன திசுவுள்ள 20 பேருக்குக் கொழுப்பு ஒட்டு வைத்து, பெரும்பாலோரிடம் திசு தேறியதை எழுதினார். புதிய நுண் ரத்தக்குழாய்கள் அங்கே முளைத்திருந்தன. அது நொதியும் வளர்ப்பும் இல்லாத, சுத்திகரித்த சாதாரணக் கொழுப்பு என்பதை மறக்க வேண்டாம்.

நானோஃபேட்டில் செலவு குறைவு, எடுக்கும் கொழுப்பும் குறைவு. பள்ளமும் தழும்பும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு ஆழத்தில் சாதாரண ஒட்டு, மேலே நானோஃபேட் என்று ஒரே அமர்வில் செய்துவிடுவார்கள். தழும்புக்காக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கூட்டைத்தான்.

## எஸ்.வி.எஃப். சேர்த்த ஒட்டு

"ஸ்டெம் செல் ஒட்டு" என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இதுதான். எடுத்த கொழுப்பில் ஏறத்தாழப் பாதியைக் கொலாஜினேஸ் நொதியில் ஊறவைத்துக் கரைத்துச் சுழற்றுவார்கள். கொழுப்புச் செல்கள் மேலே மிதக்கும். மற்றவை அடியில் படியும். அந்தப் படிவுக்கு எஸ்.வி.எஃப். என்று பெயர். அதை மீதிப் பாதிக் கொழுப்போடு கலந்து வைப்பார்கள். நொதியில் பிரிக்கும் இந்த உத்தியை 1964ல் எழுதியவர் மார்ட்டின் ராட்பெல். வேறொரு கண்டுபிடிப்புக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். அவருக்குத் தேவைப்பட்டது மேலே மிதந்தவை. இன்று கட்டணம் வசூலிக்கப்படுவது அடியில் படிந்ததற்கு.

அந்தப் படிவை ஸ்டெம் செல் என்று மொத்தமாக அழைப்பது மிகை. ஸ்டெம் செல்கள் அதில் ஒரு பங்கு. ரத்தக்குழாய்ச் செல்கள், நோய் எதிர்ப்புச் செல்கள், சிவப்பணுக்கள் எல்லாம் கலந்திருக்கும். 2013ல் இரண்டு சர்வதேசச் சங்கங்கள் கூட்டாக அறிக்கை வெளியிட்டு எஸ்.வி.எஃப். வேறு, வளர்ப்பில் பெற்ற கொழுப்பு ஸ்டெம் செல் வேறு என்று வரையறுத்தன.

ஸ்டெம் செல்களுக்குள்ளும் எல்லாம் ஒன்றல்ல. 2019ல் வந்த ஓர் ஆய்வு, கொழுப்பு மடல்களைச் சுற்றிய நார்ப்படலத்தில் மூத்த வகைச் செல்கள் இருப்பதையும், அவையே கொழுப்பாக மாறத் தயாரான இளைய வகைகளைத் தருவதையும் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு குழு, சிடி142 என்ற அடையாளம் தாங்கிய செல்கள் அக்கம்பக்கச் செல்களைக் கொழுப்பாக மாறவிடாமல் தடுக்கின்றன என்றது. 2019 குழுவோ அதே அடையாளமுள்ள செல்கள் தாமே கொழுப்பாக மாறக்கூடியவை என்று கண்டது. வழக்கு இன்னும் முடியவில்லை. இத்தனை லட்சம் செல் என்று தாளில் எழுதிக் கொடுத்தால், அதில் எந்த வகை எத்தனை என்ற கேள்விக்கு அந்த எண் பதில் தராது.

பலன்? யோஷிமுரா 2008ல் மார்பகத்தில் 40 பேருக்குச் செய்து நம்பிக்கை தரும் முடிவுகளை வெளியிட்டார். பின்வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், 100 மி.லி.க்குக் குறைவான ஒட்டுகளில், குறிப்பாக முகத்தில், கூடுதல் பலன் தெரிவதாகவும், மார்பகம் போன்ற பெரிய அளவுகளில் அது தெளிவாக இல்லை என்றும் சொன்னார்கள். எனக்கு இது வியப்பாக இல்லை. பெரிய ஒட்டில் ஆக்சிஜன் எட்டாத பகுதி அதிகம். அங்கே செல்லைக் கூட்டினால் பங்கு கேட்பவர்கள்தான் கூடுவார்கள்.

இதில் மறைந்த செலவு கனமானது. ஒட்டு வைப்பதற்கு எடுக்க வேண்டியதைப் போல ஏறத்தாழ இருமடங்கு கொழுப்பை எடுக்க வேண்டும். மெலிந்தவருக்கு இது வீண்செலவு. கரைக்க எடுத்த பாதியையும் ஒட்டாகவே வைத்திருக்கலாம். அறுவை அறையில் மணிக்கணக்கில் நேரம் கூடுகிறது. பாக்டீரியாவிலிருந்து பெறும் நொதியை மீதமின்றிக் கழுவியாக வேண்டும். சட்டச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. இதை மருந்தாகக் கருதுகிறது. ஒரு கீழ்நீதிமன்றம் 2022ல் எஃப்.டி.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. உங்கள் நாட்டில் இது அனுமதிக்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா, இரண்டுமில்லையா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பொருந்தும் இடம் குறுகியது: முகத்தில் சிறிய பள்ளம், எடுக்கக் கொழுப்பு தாராளம், முன்பு சாதாரண ஒட்டு நிற்காமல் போன அனுபவம், கூடவே முறையான அனுமதி.

## ஆய்வகத்தில் பெருக்கிய செல் சேர்த்த ஒட்டு

இதற்குத்தான் கவனிக்கத்தக்க சான்று இருக்கிறது. டென்மார்க்கில் நடந்து 2013ல் *லான்செட்* இதழில் வந்த சோதனையில், ஆரோக்கியமான 10 பேரின் ஸ்டெம் செல்களை வளர்த்து, ஒரு மி.லி. கொழுப்புக்கு 2 கோடி செல் என்ற கணக்கில் கலந்து, ஒரு கையில் செல் சேர்த்த ஒட்டும் மறு கையில் வெறும் ஒட்டும் வைத்தார்கள். 121 நாள் கழித்துப் பார்த்தால் செல் சேர்த்த பக்கம் 80.9 சதவீதம் நின்றிருந்தது, மறுபக்கம் 16.3 சதவீதம். ஒரே ஆளின் இரு கைகளை ஒப்பிட்டதால் இந்த வேறுபாட்டைத் தள்ளிவிட முடியாது.

பத்துப் பேர், நான்கு மாதம், சிறிய ஒட்டு என்பதையும் மறக்க முடியாது. எஸ்.வி.எஃப்.பில் தெளிவாகாத பலன் இங்கே தெரிவதற்குச் செல்களின் எண்ணிக்கையும் தூய்மையும் காரணமாக இருக்கலாம். அந்த எண்ணிக்கையை அறுவை அறையில் அதே நாளில் எட்ட வழியில்லை.

ஒருமுறை கொழுப்பு எடுத்து, சுமார் இரண்டு வாரம் வளர்த்து, ஒட்டுக்காக மறுபடி எடுக்க வேண்டும். வளர்ப்பில் செல்லும் மாறுகிறது. திசுவில் இருந்தபோது தாங்கியிருந்த சிடி34 என்ற அடையாளத்தை அது மெல்ல இழக்கிறது, தலைமுறை கூடக் கூடப் பெருகும் வேகமும் தளர்கிறது. மருந்துத் தரத்தில் இயங்கும் ஆய்வகம் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. புற்றுநோய்க்குப் பின் மார்பகத்தைச் சீரமைப்பவர்கள் இன்னொரு படி நிதானிக்க வேண்டும். ஆய்வகக் கிண்ணத்தில் ஸ்டெம் செல்கள் சில புற்றுச் செல்களை ஊக்குவித்திருக்கின்றன. சாதாரண ஒட்டு பெற்ற நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்ததில் நோய் திரும்பும் விகிதம் மொத்தத்தில் கூடியதாகத் தெரியவில்லை. பெருக்கிய செல்லுக்கு அத்தகைய நீண்டகாலக் கணக்கு அவ்வளவு இல்லை.

முறைப்படி பதிவான மருத்துவ ஆய்வில் இடம் கிடைத்தால் தாராளமாக யோசிக்கலாம். அதற்கு வெளியே காசு வாங்கிக்கொண்டு தருபவரிடம் வேண்டாம்.

## செல் நீக்கிய கொழுப்புச் சட்டகம்

உறுப்புதானம் செய்தவர்களின் கொழுப்பிலிருந்து செல்களையும் எண்ணெயையும் நீக்கி, நார்ச்சட்டகத்தை மட்டும் குப்பியில் தருகிறார்கள். உங்கள் ஸ்டெம் செல்கள் அதற்குள் குடியேறிக் கொழுப்பைக் கட்ட வேண்டும் என்பது எண்ணம். உங்கள் உடலிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் தேவையில்லை. எடுக்கக் கொழுப்பே இல்லாதவருக்கு, சில மி.லி. குறையை நிரப்ப, இதைப் பரிசீலிக்கலாம். இப்போதைக்கு அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

## வேறொருவரின் செல், வேறொரு நோய்

கொழுப்பு ஸ்டெம் செல் மருந்தாகவே வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் குறிப்பிடுவது டார்வாட்ஸ்ட்ரோசெல். குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோயில் ஆசனவாய் அருகே உண்டாகும் சிக்கலான பவுத்திரத்துக்காக, கொடையாளர்களின் கொழுப்பு ஸ்டெம் செல் 12 கோடியை ஊசியில் செலுத்தும் சிகிச்சை. 212 பேரில் நடந்த முதல் பெரிய சோதனையில் 24 வாரத்தில் 50 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. செல் இல்லாத ஊசி பெற்றவர்களில் 34 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் அனுமதித்தது. அடுத்த பெரிய சோதனை 2023ல் இலக்கை எட்டவில்லை. 2024 இறுதியில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஓரளவு பலன் காட்டி, முறையாக அனுமதி பெற்ற சிகிச்சையே இரண்டாம் தேர்வில் தடுக்கியது என்றால், ஒரு தேர்வும் எழுதாதவற்றை எங்கே வைப்பது?

மூட்டு வலி, ஆட்டிசம், நரம்புத் தளர்ச்சி, முதுமை என்று எல்லாவற்றுக்கும் எஸ்.வி.எஃப்.பை ரத்தநாளத்திலோ மூட்டிலோ ஏற்றுபவர்கள் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். கொழுப்பின் ஸ்டெம் செல் கொழுப்பைப் புதுப்பிக்கும் என்பதற்கு மேலே கண்ட ஆதாரம் இருக்கிறது. அது விழித்திரையைப் புதுப்பிக்கும் என்பதற்கு இல்லை. அமெரிக்காவில் மூன்று பெண்களுக்கு விழித்திரை நோய்க்கென்று அவர்களின் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களை இரு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தியதையும், மூவரும் பார்வையின் பெரும்பகுதியை இழந்ததையும் 2017ல் மருத்துவ இதழ் ஒன்று விரிவாக வெளியிட்டது. அவர்களில் சிலர் அதை ஒரு மருத்துவ ஆய்வு என்று நம்பிப் பணம் கட்டியிருந்தார்கள். ஆய்வு என்று சொல்லிக் கட்டணம் கேட்கும் இடத்தில் பதிவு எண்ணையும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், இரண்டு கண்ணிலோ இரண்டு மூட்டிலோ ஒரே நாளில் ஏன் போட வேண்டும் என்பதற்கான காரணத்தையும் கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் எழுந்து வந்துவிடலாம்.